ரெண்டு கேலக்ஸி உரசினா என்ன ஆகும்? - தாத்தாவுக்கு எடுத்த செமினார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நீளமான பதிவு. நடுவில் இயற்பியல் வரும், வெற்றிலை வரும், வெள்ளம் வரும். பொறுமை இல்லாதவர்கள் கடைசி நாலு பத்திக்கு நேராகப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். :-)

எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும்போது எல்லோரும் ஒரு செமினார் எடுக்க வேண்டும். 2024 டிசம்பரில் என் முறை வந்தது. மற்றவர்கள் குறைக்கடத்தி, நானோ துகள் என்று எடுத்துக்கொள்ள, நான் "கேலக்ஸிகளின் மோதல்" என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையான காரணம் என்னவென்றால் அதில் கலர் படம் நிறைய கிடைக்கும். படம் காட்டியே இருபது நிமிஷத்தை ஓட்டிவிடலாம் என்று கணக்கு.

கணக்கு தப்பிப்போனது. மூன்றாவது நிமிஷத்தில், "இரண்டு கேலக்ஸிகள் மோதும்போது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதி வெடித்து..." என்று நான் உணர்ச்சிவசப்பட்டபோது சார் கையைத் தூக்கினார்.

"எத்தனை நட்சத்திரம் மோதும்னு தோராயமா ஒரு எண் சொல்லு."

முழித்தேன். "சொல்லப்போனா ஒண்ணுகூட மோதாது. சரி, நட்சத்திரம் மோதலைன்னா அப்ப எதுதான் மோதுது?" என்றார்.

அதற்கும் முழித்தேன். பின் பெஞ்சில் ஒருத்தன் சிரிக்க, வகுப்பே சிரித்தது. "பொங்கல் லீவு முடிஞ்சு திரும்ப எடு" என்று உட்கார வைத்துவிட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. படிக்காமல் படம் காட்டப்போனது என் தப்பு.

ஊருக்கு வந்தேன். ஊர் என்றால் ஆத்தூர். சேலம் பக்கத்து ஆத்தூர் இல்லை, தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், தாமிரபரணி கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஆத்தூர். வெற்றிலைக்குப் பேர் போன ஊர். 2023-ல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் தாத்தாவுக்கு வாழ்க்கையே கொடிக்கால்தான். அகத்தியை வளர்த்து, அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டி, காலையும் மாலையும் அதோடு பேசிக்கொண்டிருப்பார்.

புவிசார் குறியீடு கிடைத்த அதே வருஷம் டிசம்பர் 17, 18-ல் வந்த மழையை எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிற காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டத்தில் ஒரு முழு வருஷத்துக்குப் பெய்கிற மழையைவிட அதிகம் அது. ஆற்றில் வெள்ளம், குளங்கள் உடைந்து வெள்ளம். தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தபோது எங்கள் கொடிக்காலில் அகத்தி பாதி நின்றது. கொடி ஒன்றுகூட இல்லை. வெற்றிலைக் கொடிக்கு ஈரம் வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். எங்களுடையது நாள்கணக்கில் நின்றது.

ஒரு வருஷம் நிலம் சும்மா கிடந்தது. 2025 பொங்கலுக்கு நான் போனபோது வீட்டில் அதுதான் பேச்சு. திரும்பக் கொடிக்கால் போடலாம் என்பது தாத்தா கட்சி. வாழைக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு அந்தப் பணத்தில் என்னை மேலே படிக்க வைக்கலாம் என்பது அப்பா கட்சி. கொடிக்கால் போடுவது சும்மா இல்லை. முதல் இலை கிள்ளும்வரை செலவு மட்டும்தான். "ரெண்டும் செய்ய நம்மகிட்ட காசு இல்ல" என்றார் அப்பா. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "ஏல, நீ படிக்கறது என்ன படிப்பு? அதனால என்ன பிரயோசனம்?" என்று மட்டும் கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது. சார் கேட்ட கேள்விக்கும் பதில் இல்லை, தாத்தா கேட்டதற்கும் பதில் இல்லை.

அப்புறம்தான் ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

முதல் கேள்வி, நட்சத்திரங்கள் ஏன் மோதாது? இதற்கு ஒரு கணக்குப் போட்டேன். நம் சூரியனை 3 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சின்ன முத்தாக்கி (முத்துக் குளித்த கரை இல்லையா, மிளகு எல்லாம் வேண்டாம்) ஆத்தூரில் வைத்தால், சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் எங்கே இருக்கும்? சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி. அதாவது காக்கா பறக்கிற தூரத்தில் கன்னியாகுமரியில் இன்னொரு சின்ன முத்து. நடுவில் ஒன்றுமில்லை. இப்படி முத்துக்களைப் பரப்பிய இரண்டு கூட்டங்களை ஒன்றுக்குள் ஒன்று விட்டால் எத்தனை முட்டிக்கொள்ளும்? சார் சொன்னது சரி. ஒன்றுகூட இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த நடுவில் ஒன்றுமில்லை என்று சொன்னேனே, அதுதான் பொய். அங்கே வாயு இருக்கிறது. பெரும்பாலும் ஹைட்ரஜன், கொஞ்சம் ஹீலியம், கொஞ்சம் தூசி. சராசரியாக ஒரு கன சென்டிமீட்டரில் ஒரு அணு. நாம் மூச்சு விடும் காற்றில் அதே இடத்தில் கோடி கோடி மூலக்கூறுகளுக்கும் மேல். இவ்வளவு மெல்லிசான வாயு எப்படி மோதும் என்று தோன்றும். ஆனால் கேலக்ஸியின் அளவைப் பாருங்கள். அந்த வாயுவில் ஒரு அணு சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல் நூறு மடங்கு போவதற்குள் சுமாராக இன்னொரு அணுவை முட்டிவிடும். கேலக்ஸியின் குறுக்களவோ ஒரு லட்சம் ஒளியாண்டு. அதனால் ஒரு கேலக்ஸியின் வாயு இன்னொன்றின் வாயுவைக் கடந்து போக வழியே இல்லை. முட்டியே ஆக வேண்டும். நட்சத்திரங்கள் பேய் மாதிரி ஊடுருவிப் போகும், வாயுதான் முட்டிக்கொண்டு நிற்கும்.

இதை நான் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து தாத்தாவிடம் சொன்னேன். செமினாருக்கு ஒத்திகை மாதிரி. அவர் வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார். (வேறு ஊர் வெற்றிலை. அதை வாயில் போடும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார்.) கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இதுக்குப் போயி எதுக்குல முத்து, கன்னியாரின்னு சுத்துத? வெள்ளத்தன்னைக்கு என்ன ஆச்சு? தென்னை நின்னுச்சு, வீடு நின்னுச்சு, கரண்டு கம்பம்கூட பாதி நின்னுச்சு. ஆத்துத் தண்ணியும் குளத்துத் தண்ணியும் நம்ம காட்டுல வந்து மோதிச்சு பாத்தியா, அதுதான் மோதல். அது ரெண்டும் ஒண்ணையொண்ணு தாண்டிப் போவ முடியாம அங்கனயே நின்னு சுத்திச்சு. நம்ம மண்ண அதுதான் கொண்டு போச்சு."

நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன். சார் கேட்ட கேள்விக்கு எட்டாம் வகுப்பு படித்தவர் ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டார்.

(உவமைக்கும் எல்லை உண்டு, வகுப்பில் இதைச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். தண்ணீரை அமுக்க முடியாது, வாயுவை அமுக்கலாம். இரண்டு வாயு மேகங்கள் மோதினால் அதிர்ச்சி அலை பிறந்து சூடாகும், அந்தச் சூட்டை ஒளியாகவும் கதிராகவும் வெளியே விட்டுவிட்டுக் குளிர்ந்து இன்னும் இறுகும். இறுகினால் என்ன ஆகும்? புது நட்சத்திரம் பிறக்கும். இது வெள்ளத்தில் நடக்காது.)

சரி, உரசலில் அந்த வாயு எங்கே போகும்? இரண்டு பக்கம் போகும். ஒன்று வெளியே, இன்னொன்று உள்ளே.

வெளியே போவதற்குக் காரணம் ஓதம். நம் கடற்கரையில் ஓதம் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டர் அளவுதான், ஆனாலும் முகத்துவாரத்தில் படகு விடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு அத்துப்படி. நிலா தனக்குப் பக்கத்தில் இருக்கும் கடலைக் கொஞ்சம் அதிகமாக இழுக்கிறது, பூமியின் நடுவை அதைவிடக் குறைவாக, அந்தப்பக்கக் கடலை இன்னும் குறைவாக. இந்த வித்தியாசத்தால் பூமி இரண்டு பக்கமும் இழுபடுகிறது. ஒரு கேலக்ஸி பக்கத்தில் வந்தாலும் இதேதான். ஆனால் கேலக்ஸி சுற்றிக்கொண்டிருக்கும் தட்டு. இழுபட்ட ஓரம் சுற்றும் வேகத்தில் நீண்டு, ஒரு பக்கம் பாலமாகவும் மறுபக்கம் வாலாகவும் ஆகிவிடும். தட்டின் வெளி ஓரத்தில் நட்சத்திரங்களைவிட வாயுதான் தூரம் வரை பரவியிருக்கிறது. அதன் மேல் பிடியும் தளர்வு. அதனால் முதலில் பறிபோவது வாயுதான்.

இதை முதலில் செய்து பார்த்தவர் எரிக் ஹோல்ம்பெர்க் என்ற சுவீடன் நாட்டுக்காரர், 1941-ல். அப்போது கணினி ஏது? அவர் மேசையில் ஒரு கேலக்ஸிக்கு 37 வீதம் 74 பல்புகளை வைத்தார். பல்பின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது, ஈர்ப்பு விசையும் அப்படித்தான் குறைகிறது. அதனால் ஒவ்வொரு இடத்திலும் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அளந்தால் அங்கே எவ்வளவு ஈர்ப்பு என்று தெரிந்துவிடும். அளந்து, பல்பை நகர்த்தி, திரும்ப அளந்து, திரும்ப நகர்த்தி... தாத்தாவுக்கு இந்த ஆளை ரொம்பப் பிடித்துவிட்டது. "பொறுமைக்காரன்லா! கொடிக்கால் வச்சிருந்தாம்னா நல்லா வந்திருப்பான்" என்றார்.

1972-ல் எஸ்தோனியாவில் பிறந்த இரண்டு சகோதரர்கள், அலார் டூம்ரே, யூரி டூம்ரே, இதையே கணினியில் செய்தார்கள். வானத்தில் படம் பிடித்திருந்த விசித்திரமான வால்களும் பாலங்களும் அப்படியே வந்தன. வேறு மர்ம சக்தி எதுவும் வேண்டாம், ஈர்ப்பும் ஓதமும் போதும் என்று நிரூபணமானது.

உள்ளே போகும் கதை வேறு. திருவிழா ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றுகிற வரைக்கும் தொட்டில் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பிரேக் போட்டால் நடுவுக்கு வந்துவிடும். கேலக்ஸியின் வாயுவும் சுற்றுகிறவரைதான் வெளியே இருக்கும். இன்னொரு கேலக்ஸி உரசிவிட்டுப் போகும்போது, நட்சத்திரங்களின் தட்டு குலுங்கி நடுவில் நீளமாக ஒரு தடி மாதிரி ஆகிவிடும். வாயு மேகங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதால் அந்தத் தடியோடு ஒத்துப் போகாமல் கொஞ்சம் முன்னால் ஓடும். தடி அதைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும். அதுதான் பிரேக். சுழற்சியை இழந்த வாயு சரசரவென்று மையத்தை நோக்கிச் சரியும். அங்கே குவிந்து, கும்பல் கும்பலாக நட்சத்திரம் பிறக்கும். நடுவில் கருந்துளை இருந்தால் அதற்கும் தீனி.

நட்சத்திரத்தை மட்டும் பார்த்தால் இதில் பாதி தெரியாது. வாயுவைப் பார்க்க ரேடியோ வேண்டும். குளிர்ந்த ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் மெல்ல முணுமுணுக்கிறது. 1944-ல் வான் டெ ஹுல்ஸ்ட் இது இருக்கும் என்று கணக்கில் சொன்னார், 1951-ல் யூவனும் பர்செல்லும் கேட்டே விட்டார்கள். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் கீச்சென்றும், கடந்து போனதும் கனத்தும் கேட்கிறதே, அதே மாதிரி இந்த முணுமுணுப்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் வாயு எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று தெரியும். எம்81, எம்82, என்.ஜி.சி. 3077 என்று மூன்று கேலக்ஸிகள், 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில். சாதாரணத் தொலைநோக்கியில் மூன்றும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். 1994-ல் வெளியான 21 சென்டிமீட்டர் படத்தில் மூன்றையும் வாயுக் கயிறுகள் கட்டிப் போட்டிருந்தன. பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் மாதிரி. வெளியே தெரியாது, உள்ளே எல்லாம் கொடுக்கல் வாங்கல்.

நம் நாட்டிலும் இந்த அலையைக் கேட்கும் பெரிய காது இருக்கிறது. புனே பக்கத்தில் கோடத் என்ற ஊரில் 45 மீட்டர் அகலமுள்ள 30 தட்டுகள், ஜி.எம்.ஆர்.டி. அதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப், அதற்கு முன்பே நம் ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை அமைத்தவர். அது 1970-ல் வேலை செய்ய ஆரம்பித்தது.

ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறு ஒரு விஷயம். இப்படி உரசிக்கொண்டிருக்கும் கேலக்ஸிகளில் நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பவை மாகெல்லன் மேகங்கள். பெரியது 1,60,000 ஒளியாண்டு, சின்னது 2,00,000 ஒளியாண்டு. இரண்டும் வானத்தின் தென்கோடியில் இருப்பதால் ஆஸ்திரேலியாக்காரர்கள்தான் பார்க்க முடியும் என்று நினைத்திருந்தேன். நோட்டில் கணக்குப் போட்டேன். டெல்லியில் தெரியாது. புனேயில் அடிவானத்தை ஒட்டி ஒரு பாகை, அதாவது தெரியாது. எங்கள் பக்கம்? அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட 12 பாகை உயரம்! கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. தெற்கே மறைப்பு இல்லாமல் கடல் இருந்தால் போதும்.

அந்த இரண்டு மேகங்களின் கதை இது. 1963-ல் இரண்டுக்கும் நடுவே ஹைட்ரஜன் பாலம் இருப்பது தெரிந்தது. 1974-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பார்த்தபோது, மேகங்களுக்குப் பின்னால் வானத்தில் 100 பாகைக்கும் மேல் நீளும் ஒரு வாயு ஆறு தெரிந்தது. அதற்கு மாகெல்லன் ஓடை என்று பெயர். வால்நுனிப் பக்கத்து வாயு வினாடிக்கு 400 கிலோமீட்டர் அளவில் நம்மை நோக்கி வருகிறது (இதில் நம் சூரியன் ஓடும் வேகமும் கலந்திருக்கிறது). நம் பால்வீதிதான் இதைப் பிடுங்கியது என்று ரொம்ப காலம் நினைத்தார்கள். 2006-ல் நித்யா கல்லிவயலில் குழுவினர் ஹப்பிள் தொலைநோக்கியால் மேகங்கள் நகரும் வேகத்தை அளந்தார்கள். நினைத்ததைவிட வேகம். அப்படியென்றால் அவை பல தடவை நம்மைச் சுற்றியவை இல்லை, இப்போதுதான் முதல் தடவை வருகின்றன என்று தோன்றியது. முதல் தடவை வருகிறவர்களிடம் நாம் எப்படி அவ்வளவு பிடுங்கியிருக்க முடியும்? பெரிய மேகமும் சின்ன மேகமும் வருகிற வழியிலேயே தங்களுக்குள் இழுத்துக்கொண்டதில் சிந்தியதுதான் முக்காலும் என்று கணக்குகள் சொல்லின. 2013-ல் ஓடையின் வாயுவில் என்னென்ன தனிமங்கள் என்று பார்த்தார்கள். பெரும்பகுதி சின்ன மேகத்தின் ஜாடை, ஒரு இழை மட்டும் பெரிய மேகத்தின் ஜாடை. நம் நாட்டில் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் அன்னபூரணி சுப்ரமணியம் போன்றவர்கள் இந்த மேகங்களைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர் 2019-ல் அந்த நிறுவனத்தின் இயக்குநராகவும் ஆனார்.

"தாத்தா, அமாவாசைக்கு மணப்பாடு போவமா?" என்று கேட்டேன்.

2025 சனவரி 29, தை அமாவாசை. காலையில் தாத்தா ஆற்றில் அவர் அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தார். சாயங்காலம் பெரியப்பா மகன் ஆட்டோவில் கிளம்பினோம். திருச்செந்தூர் கூட்டத்தைத் தாண்டவே முக்கால் மணி நேரம். குலசேகரப்பட்டினம் வரும்போது, 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய கதையை அண்ணன் சொன்னான். தாத்தா உடனே, "ஏல, நீ இங்கனயே வேலைக்கு வந்துரேன், வீட்டுச் சோறு சாப்ட்டுக்கிடலாம்" என்றார். இஸ்ரோவில் சேருவது என்ன டவுன் பஸ்ஸில் ஏறுவது மாதிரியா!

மணப்பாட்டில் கோயில் இருக்கும் மணல்மேட்டில் ஏறி, கலங்கரை விளக்கின் வெளிச்சம் கண்ணில் படாத பக்கமாக உட்கார்ந்தோம். தெற்கே வெறும் கடல். முதலில் அகத்திய நட்சத்திரத்தைக் காட்டினேன். அதை அவருக்கே தெரியும். "பொதிகையில இருந்து நம்ம ஆத்த விட்டவரு" என்று கும்பிட்டார். அதற்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கம், ஒன்றே முக்கால் முஷ்டி. மணி ஒன்பது. அது உச்சத்தில் இருக்கும் நேரம்.

ஒன்றும் தெரியவில்லை. கடல்மேல் லேசாக மூட்டம். கால் மணி நேரம், அரை மணி நேரம். அண்ணன் செல்போனை எடுக்க, "அணைடா" என்று கத்தினேன். அப்புறம் நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தபோது ஒரு வெளுப்பு. சுண்ணாம்பு தொட்ட விரலைக் கரும்பலகையில் தேய்த்த மாதிரி. நேராகப் பார்த்தால் போய்விடும், ஓரத்தில் பார்த்தால் வரும். சின்ன மேகம் தெரியவே இல்லை.

தாத்தாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்தார். "தெரியுதா தாத்தா?" என்றேன். "என்னமோ இருக்க மாதிரி இருக்கு, நீ சொன்னதுனால தெரியுதோ என்னமோ" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பிறகு கேட்டார், "அந்தச் சின்னதுகிட்ட இருந்து பறிச்சதுன்னு சொன்னியே, அது என்னாச்சு? வீணாப் போச்சா?"

இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. ஓடைக்கு எதிர்ப்பக்கம், மேகங்களுக்கு முன்னாலும் ஒரு வாயுக் கை நீண்டிருக்கிறது. அது நம் பால்வீதியின் ஓரத்து வாயுவில் வந்து முட்டுகிறது. 2019-ல் ஏட்ரியன் பிரைஸ்-வீலன் என்பவர் அந்தப் பக்கம் ஒரு இளம் நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டுபிடித்தார். வயது சுமார் 12 கோடி வருஷம்தான், நட்சத்திரக் கணக்கில் கைக்குழந்தை. அந்தப் பறிபோன வாயு இங்கே வந்து இறுகிப் பிறந்தவை அவை என்று கணித்திருக்கிறார்கள். சொந்த வீட்டை விட்டுத் தூரத்தில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில்.

தாத்தா அதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில், "மண்ணு போச்சுன்னு சொல்லுதோம், கீழ்ப்பக்கம் எவங்காட்டுலயோ அது வண்டலாத்தான கிடக்கும்" என்று அவர்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார். "நமக்கும் மேல இருந்து எவனோட மண்ணோ வந்திருக்கும்லா."

கதை சுபமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அவ்வளவு சுத்தமாக எதுவும் முடியவில்லை. செமினாரைத் திரும்ப எடுத்தேன். முத்துக் கணக்கும் சொன்னேன், வெள்ளக் கணக்கும் சொன்னேன். சார் "இது யார் சொன்ன உதாரணம்?" என்று கேட்டார், தாத்தா என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வீட்டில் பெரிய பங்கை வாழைக்குக் குத்தகைக்கு விட்டார்கள், மேட்டுப் பக்கம் இருபது சென்ட் மட்டும் தாத்தாவுக்கு. ஆவணியில் அகத்தி விதை போட்டார். நான் சாயங்காலம் டியூஷன் எடுத்துக்கொண்டு நெட் தேர்வுக்குப் படிக்கிறேன். கிடைக்குமா தெரியாது. அப்பா இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை.

2025 ஜூனில் ஒரு கட்டுரை வந்தது. நம் பால்வீதியும் ஆண்ட்ரோமெடாவும் மோதியே தீரும் என்று 2012 முதல் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் இல்லையா? அடுத்த 1,000 கோடி வருஷத்தில் அது நடக்க வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்கிறது புதுக் கணக்கு. கணக்கை மாற்றியதில் முக்கியப் பங்கு, நாங்கள் மணப்பாட்டில் ஓரக்கண்ணால் பார்த்த அந்தப் பெரிய மேகத்துக்கு. அதன் இழுப்பால் பால்வீதி கொஞ்சம் விலகி நகர்கிறதாம். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்த வெளுப்பு நம் எல்லோர் தலையெழுத்தையும் கொஞ்சம் தள்ளிவைத்திருக்கிறது. ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்படியா" என்றார் தாத்தா. "நல்லதுல. இங்க மழ வர மாதிரி இருக்கு, வடிகால் வெட்டணும், வைக்கட்டுமா?"

"அதனால என்ன பிரயோசனம்?" என்ற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் அவர் அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவும் இல்லை. அடுத்த தை அமாவாசைக்கும் மணப்பாடு போவதாகத் திட்டம். தெற்குக் கரையில் இருக்கும் நண்பர்கள் யாராவது அந்த மேகத்தைப் பார்த்திருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, சின்ன மேகத்தைப் பார்த்தவர்கள். தாத்தா அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.